அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்: மிஷன் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான மிஷன் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது வாசலில் ஒரு துண்டறிக்கையைக் கையில் திணித்தார்கள். 'இருளில் இருக்கும் சீன தேசத்துக்கு மீண்டும் செல்கிறோம்' என்று தலைப்பு. நடுவில் வண்ணப் படம்: ஒரு வட்ட மேசை, அதைச் சுற்றி ஒன்பது பேர், மேசை நிறைய சாப்பாடு. இடது ஓரத்தில் தலை நிறையப் பூவோடு அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டிருப்பவள் நான். படத்தின் கீழே 'நம் ஊழியத்தால் மனந்திரும்பிய சீனக் குடும்பம், 2017' என்று அச்சிட்டிருக்கிறீர்கள்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள் நான். தவறான வாக்கியத்தைக் கண்டால் கை தானாகச் சிவப்பு மையைத் தேடும். இந்த ஒரு வரியைத் திருத்தப் புகுந்தால் எதுவுமே மிஞ்சவில்லை. இதைப் பற்றி உங்களிடம் இரண்டு முறை நேரில் சொன்னேன். "ஜெபிக்கிறோம் அம்மா" என்றீர்கள். நம் வட்டாரத்தில் அதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

படத்தில் நடுவில் இருக்கும் மூதாட்டியை அந்த வீட்டில் 'ஆமா' என்று அழைப்பார்கள். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்துத் தெற்குக் கடற்கரையின் மின்னான் பேச்சில் பாட்டிக்கு அதுதான் பெயர். நமக்கு அது எதற்கெடுத்தாலும் சம்மதம் சொல்வதுபோல் ஒலிக்கும். அவரும் ஏறக்குறைய அப்படித்தான். ஆமாவின் பாட்டி அந்தக் கரையின் ஷியாமென் நகருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஞானஸ்நானம் பெற்றவர். அந்த வீட்டில் கிறிஸ்தவம் ஐந்து தலைமுறையாக இருக்கிறது. எங்கள் வீட்டில் என் தாத்தாதான் முதல் கிறிஸ்தவர். மனந்திரும்புதலில் யார் யாருக்கு மூத்தவர் என்று கணக்குப் பார்த்தால் ஆமாவின் காலடியில்தான் நான் உட்கார வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஷியாமெனுக்கு 1842-இல் மிஷனெரியை அனுப்பியது அமெரிக்காவின் சீர்திருத்தச் சபை. அதே சபைதான் 1853-இல் ஸ்கடர் குடும்பத்தாரைக் கொண்டு நம் ஆற்காடு மிஷனைத் தொடங்கியது. ஆமாவின் பாட்டியும் என் தாத்தாவும் ஒரே தாய்வீட்டுக் கடிதங்களை இரு வேறு கடற்கரைகளில் இருந்து பெற்றவர்கள். இதை நான் சொன்னபோது ஆமா என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்து, "அப்படியானால் நீ தூரத்துச் சொந்தம்" என்றார். நீங்களோ அவரை 'இருளில் இருக்கும்' கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள்.

படத்தில் வலது பக்கம் புகைச்சுருட்டைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் ஆகொங், அதாவது தாத்தா. அவர் மனந்திரும்பவில்லை. திரும்பும் எண்ணமும் அவருக்கு இல்லை. கூடத்தில் முன்னோர் பெயர்ப்பலகைக்கு நாள்தோறும் ஊதுவத்தி ஏற்றுவார். ஞாயிறு காலையில் ஆமாவைத் தம் ஸ்கூட்டரில் தேவாலய வாசலில் இறக்கிவிட்டு, எதிரில் இருக்கும் கடையில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்து, ஆராதனை முடிந்ததும் அழைத்துப் போவார். ஐம்பது ஆண்டுகளாக இதுதான் அவர்கள் உடன்படிக்கை. நடுவில் 1966 முதல் 1979 வரை தேவாலயக் கதவுகள் மூடிக் கிடந்த ஆண்டுகளை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்த கதையை இளையவர்கள் அறியமாட்டார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கப்பூரில் நமக்கு நட்பான சீனச் சபை ஒன்றிலிருந்து ஐந்து பேர், நம் ஊரிலிருந்து நான்கு பேர். சிங்கப்பூர் அக்கா ஒருவருடைய தாத்தா பிறந்த ஊர் சுவான்ஜோ நகருக்கு வெளியே இருக்கிறது. அந்த ஊர்ப் பள்ளியில் இரண்டு வாரக் கோடைக்கால ஆங்கில முகாம் நடத்த அழைத்திருந்தார்கள். அது 2017 ஜூலை. அந்த ஜூலை எப்படிப்பட்டது என்று நினைவிருக்கிறதா? டோக்லாமில் நம் ராணுவமும் அவர்கள் ராணுவமும் நேருக்கு நேர் நின்றுகொண்டிருந்தன. செப்டம்பரில் ஷியாமெனில் நடக்கவிருந்த பிரிக்ஸ் மாநாட்டுக்காகச் சாலையெங்கும் பூச்சு வேலையும் சோதனையும். இதற்கு நடுவே நாங்கள் நான்கு இந்தியர்கள், கறுப்பாகவும் குண்டாகவும், பெட்டிகளை இழுத்துக்கொண்டு போய் இறங்கினோம்.

இறங்கிய அன்று மாலை ஆமாவின் வீட்டில் தேநீர். நம் வீட்டில் டீ என்றால் டம்ளரில் வரும், குடித்தால் தீர்ந்துவிடும். அங்கே அது ஒரு மாலைப் பொழுது. மரத்தட்டில் கட்டைவிரல் உயரக் கிண்ணங்கள். பக்கத்து மாவட்டமான ஆன்ஷியின் இலை. முதல் நீரை ஊற்றி, கிண்ணங்களைக் கழுவிக் கொட்டிவிடுவார்கள். (நான் அதைக் குடிக்கப் போனேன், பேத்தி கையைப் பிடித்தாள்.) பிறகு ஊற்றுவது நிற்காது. கிண்ணம் காலியானால் நிரம்பும். போதும் என்றால் புன்னகையோடு நிரம்பும். குடிக்காமல் வைத்தால் ஆறியதைக் கொட்டிவிட்டுச் சூடாக நிரம்பும். மின்னானில் தேநீரைத் 'தே' என்கிறார்கள். நம் தேயிலையிலும் தேநீரிலும் இருக்கும் அந்த ஓரெழுத்து அந்தக் கடற்கரையில் கப்பலேறி, உலகம் சுற்றி நம் வாய்க்கு வந்திருக்கிறது. "தே" என்று நான் சொன்னதும் ஆமா சிரித்த சிரிப்பில் ஆகொங் தம் சதுரங்கத்தை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

அடுத்தது சாப்பாடு. பன்னிரண்டு தட்டுகள் வந்த பிறகும் மருமகள், "ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை, மன்னிக்க வேண்டும்" என்றார். நம் அத்தைமார்கள் சொல்வதேதான், ஒரு சொல்கூட மாறவில்லை. கதவைப் பார்த்த இருக்கை மூத்த விருந்தாளிக்கு. மீனின் தலை அவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். எல்லாம் என் பக்கம் வந்தது. ஆமா தம் குச்சிகளால் என் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். கிண்ணத்தைக் காலி செய்வது மரியாதை என்று நினைத்து நான் காலி செய்ய, காலியானால் இன்னும் பசிக்கிறது என்று பொருள் என்று அவர் நினைக்க, மரியாதைக்கும் வயிற்றுக்கும் நடந்த அந்தப் போரில் கடைசியில் சிங்கப்பூர் அக்காதான் குறுக்கே வந்து என்னைக் காப்பாற்றினார். "கொஞ்சம் மிச்சம் வை. அப்போதுதான் அவர்களுக்கு நிம்மதி."

நம் குழுவில் வந்திருந்த தம்பி ஒருவன் பன்றி இறைச்சி தொடமாட்டான். அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. தட்டு அவன் பக்கம் வரும்போது வேறெதையோ எடுத்துக்கொள்வான். இரண்டு நாள் அப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் மேசையில் பன்றி இறைச்சியே இல்லை. நாங்கள் ஊர் திரும்பும்வரை இல்லை. ஃபூஜியன் வீட்டில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று பின்னால்தான் தெரிந்தது. சோறு இல்லாத நம் வீட்டைப்போல. யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அதே தம்பி இன்னொரு நாள், மீனின் ஒரு பக்கம் தீர்ந்ததும் மறுபக்கம் எடுக்க முழு மீனையும் புரட்டிப் போட்டான். மேசை ஒரு நொடி அமைதியாகிவிட்டது. கடலோர மக்கள் மீனைப் புரட்டமாட்டார்கள். படகு கவிழும் என்பது நம்பிக்கை. ஆகொங்தான் முதலில் சிரித்தார். "கல்தச்சன் வீட்டில் படகு ஏது? சாப்பிடு, சாப்பிடு!"

ஆம், அவர் கல்தச்சர். கல் வேலைக்குப் பேர்போன ஹுயி'ஆன் பக்கத்துக்காரர். ஓய்வு பெற்றுவிட்டார். அவரைப் பற்றி இரண்டு காரியங்கள் சொல்ல வேண்டும்.

மாலை ஏழு மணிக்கு அந்த நாடு முழுவதும் ஒரே தேசியச் செய்தியறிக்கை தொலைக்காட்சியில் ஓடும். ஆகொங் அதைத் தவறவிட்டதே இல்லையாம். ஒரு நாள் நாங்கள் உள்ளே நுழையும்போது திரையில் ராணுவச் சீருடைகள். எனக்குச் சீனம் தெரியாது. ஆனாலும் வரைபடத்தில் நம் எல்லையை அடையாளம் தெரியாமல் போகுமா? ஆகொங் என்னைப் பார்த்தார், ரிமோட்டை எடுத்தார், மேசைப் பந்தாட்டத்துக்கு மாற்றினார். அதற்குப் பிறகு நாங்கள் இருந்த எல்லா மாலைகளிலும் அந்த வீட்டில் மேசைப் பந்தாட்டம்தான். எங்களிடம் அவர் பேசிய ஒரே இந்திய விவகாரம் ஆமிர் கானின் மல்யுத்தப் படம். அந்த ஆண்டு சீனாவில் டாக்ஸி ஓட்டுநர் முதல் பள்ளிப் பிள்ளைகள்வரை எல்லோரும் பார்த்திருந்தார்கள். எனக்கு மல்யுத்தம் தெரியாது என்பதை நம்ப அவர் மறுத்துவிட்டார்.

இரண்டாவது காரியம். ஒரு நாள் ஆகொங் எங்களைச் சுவான்ஜோவின் காய்யுவான் கோயிலுக்கு அழைத்துப் போனார். அது பௌத்தக் கோயில் என்பதால் நம்மவர் இருவர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவர்கள் மனச்சாட்சி அது. அதைப் பற்றி எனக்கு வழக்கில்லை. நான் உள்ளே போனேன். பெரிய மண்டபத்தின் பின்புறம் இரண்டு கல்தூண்கள். அவற்றில் கிருஷ்ணனும் நரசிம்மனும். ஒரு கணம் எந்த ஊரில் நிற்கிறேன் என்று குழம்பிவிட்டது. சோங், யுவான் அரசர்கள் காலத்தில் அந்தத் துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் குடியிருந்தார்கள். 1281-இல் அங்கே சிவனை எழுந்தருளச் செய்த செய்தியைத் தமிழிலும் சீனத்திலும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் அந்த நாட்டுக் கானின் திருமேனி நலத்துக்காக வேண்டியும் இருக்கிறார்கள். தங்கவிட்ட வீட்டுக்காரரின் உடல்நலத்துக்கு வேண்டிக்கொள்வது அந்தக் காலத்து விருந்தாளிக்குத் தெரிந்திருக்கிறது. அதே நகரத்தின் கடல்சார் அருங்காட்சியகத்தில் தாமரைமேல் சிலுவை வெட்டிய பழைய கிறிஸ்தவக் கல்லறைக் கற்களும் இருக்கின்றன. நாம் அறிவிக்கப் போன பெயரை அறிந்தவர்கள் நமக்கு ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வாழ்ந்து, செத்து, அடக்கமும் ஆகிவிட்டார்கள்.

ஆகொங் அந்தத் தூணை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார், மாட்டைத் தடவும் விவசாயிபோல. "சாமி உங்களுடையது" என்றார். "உளி எங்களுடையது."

இப்போது என் தலையில் இருக்கும் பூவுக்கு வருகிறேன். துண்டறிக்கையைப் பார்த்த பல பேர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார்கள். சுவான்ஜோவின் கரையோரம் ஷுன்பு என்று ஒரு மீனவர் பகுதி இருக்கிறது. வீட்டுச் சுவர்களில் சிப்பி ஓடுகளை வரிசை வரிசையாகப் பதித்திருப்பார்கள். அந்தப் பெண்கள் கொண்டையைச் சுற்றிப் பூச்சரங்களை வட்டம் வட்டமாக வைத்துக்கொள்வார்கள். சிறுமிகளும் வைப்பார்கள், எண்பது வயதுக் கிழவிகளும் அதே அளவு வைப்பார்கள். மருமகளின் தாய்வீடு அங்கே. எங்களை அழைத்துப் போனார். அவருடைய தாயார் என்னை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, கேட்காமலேயே என் தலையை வாரி, சரம் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

என் கணவர் இறந்து அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. நாம் கிறிஸ்தவர்கள், அதெல்லாம் பார்ப்பதில்லை என்று பிரசங்கத்தில் சொல்வோம். ஆனால் அந்த ஆறு ஆண்டுகளில் நம் சபையில் எந்தக் கல்யாண வீட்டிலும் யாரும் என் பக்கம் பூத்தட்டை நீட்டியதில்லை. நீட்டியிருந்தால் நானும் எடுத்திருக்கமாட்டேன். அந்த அம்மாளுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருப்பாரா என்று தெரியவில்லை. நான் வாய் திறக்கவில்லை. மாலைவரை அந்தப் பூவோடுதான் இருந்தேன். அன்று இரவுச் சாப்பாட்டில் எடுத்ததுதான் நீங்கள் அச்சிட்டிருக்கும் படம்.

இனி நான் வெட்கப்படும் பகுதி. உங்கள் புதிய பயிற்சிக் குறிப்பேட்டின் ஏழாம் பக்கத்தில் 'கைப்பிரதிகளைத் துணிகளுக்கு நடுவே வைத்து எடுத்துச் செல்லவும். தங்கும் வீட்டாரிடம் சொல்ல வேண்டாம்' என்று இருக்கிறது. 2017-இலும் அதைச் சொன்னீர்கள். நானும் செய்தேன். என் சேலைகளுக்கு அடியில் நாற்பது சுவிசேஷக் கைப்பிரதிகள் இருந்தன. முகாமுக்கு எங்களை அழைத்தவர்கள் கேட்டது ஆங்கிலம். நாங்கள் ஒப்புக்கொண்டதும் ஆங்கிலம்.

புறப்படும் நாளில் நெசாத் புயல் வந்தது. ஜூலை 30-ஆம் தேதி அதே மாகாணத்தில் ஃபூச்சிங்கில் கரையைக் கடந்தது. எங்கள் விமானம் ரத்தாயிற்று. விடுதியில் அறையைக் காலி செய்துவிட்டிருந்தோம். அக்கம்பக்கத்து விடுதிகள் வெளிநாட்டவரைச் சேர்க்க மறுத்தன. மருமகள் ஒரு வேனைப் பிடித்து வந்து எங்கள் நால்வரையும் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். அந்த நாட்டுச் சட்டப்படி, விடுதிக்கு வெளியே தங்கும் வெளிநாட்டவரைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். கொட்டும் மழையில் அவர் எங்கள் பாஸ்போர்ட்டுகளை மூன்று பிளாஸ்டிக் உறைகளுக்குள் போட்டுக்கொண்டு, எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். எல்லையில் இரு ராணுவங்களும் நிற்கும் நேரத்தில் நான்கு இந்தியர்கள். அங்கிருந்த இளம் அதிகாரி அவரிடம் நிறையக் கேள்விகள் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவர் நிதானமாகப் பதில் சொன்னார். கடைசியில் எங்களுக்காக, எங்களைத் தங்கவைப்பவர் என்ற இடத்தில், தம் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான் அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பெட்டி அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

வெளிநாட்டவர் அங்கே மதப் பிரசாரம் செய்யவும் ஆள் சேர்க்கவும் 1994-இலிருந்தே தடை இருக்கிறது. பதிவு பெற்ற தேவாலயத்தில் போய் ஆராதிக்கத் தடையில்லை. நாங்களும் ஆமாவோடு போனோம். பாமாலை மெட்டு ஒன்று வந்ததும் அவர் மின்னானில் பாட, நான் தமிழில் பாட, பக்கத்து வரிசை திரும்பிப் பார்த்தது. அந்தத் தடை சரியா, தவறா என்று வாதிட எனக்கும் கருத்து உண்டு. ஆனால் என் வாதத்துக்கான அபராதத்தை இன்னொரு வீட்டுப் பெண் கட்ட நான் யார்? நாம் பிடிபட்டால் அடுத்த விமானத்தில் ஊருக்கு அனுப்புவார்கள். வந்து சபையில் சாட்சி சொல்லி மாலை வாங்கிக்கொள்வோம். கையெழுத்துப் போட்டவர் அங்கேயே இருப்பார். அவர் வேலை, பிள்ளையின் பள்ளி, ஆமாவின் தேவாலயம் எல்லாம் அங்கேயே இருக்கும்.

அன்று இரவு பெட்டியைத் திறந்து நாற்பதையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டேன். சிங்கப்பூர் அக்காவைத் தொலைபேசியில் பிடித்து மொழிபெயர்க்கச் சொன்னேன். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஆமா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றை எடுத்து முழுவதும் படித்தார். பழைய எழுத்துமுறையில் அச்சிட்டிருந்தது. பேத்தியால் பாதிதான் படிக்க முடிந்தது. ஆமா நிமிர்ந்து, "இதை யார் எழுதியது? சீனம் சரியில்லையே" என்றார். மூன்றாவது வரியை விரலால் சுட்டி, எது பிழை என்று அக்காவுக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார். ஓர் ஆசிரியையாக அதைவிடப் பெரிய தண்டனை எனக்குக் கிடைத்திருக்க முடியாது.

மருமகள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தம் வேதாகமத்தைக் கொண்டுவந்து முதல் பக்கத்தைக் காட்டினார். நான்ஜிங்கில் அச்சிட்டது. அங்கே 1987 முதல் வேதாகம அச்சகம் ஓடுகிறது. 2019-க்குள் அங்கே அச்சானவை 20 கோடிப் பிரதிகள். சபைகள் மூலம்தான் விற்பார்கள், இணையத்தில் விற்பதை 2018-இல் நிறுத்திவிட்டார்கள், கெடுபிடிகள் உண்டு. ஆனாலும் நாம் போனது கொல்லன் தெருவில் ஊசி விற்கத்தான். "எங்கள் அண்டை வீட்டாரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார் மருமகள். கோபமே இல்லாமல் சொன்னார். பிறகு எல்லோருக்கும் வெந்நீர் கொண்டுவந்தார். அந்த வீட்டில் எந்தப் பேச்சும் வெந்நீரில்தான் முடியும்.

2018 பிப்ரவரியில் புதிய மத விதிகள் வந்தன. 2025 மே முதல் தேதியிலிருந்து வெளிநாட்டவருக்கான விதிகள் இன்னும் இறுகியிருக்கின்றன. அதாவது, உங்கள் ஏழாம் பக்கம் 2017-ஐவிட இப்போது அந்த வீட்டாருக்கு அதிக ஆபத்து. படமும் அப்படித்தான். 'நம் ஊழியத்தால் மனந்திரும்பிய' என்ற பொய்யோடு அவர்கள் முகங்கள் எத்தனை கைப்பேசிகளுக்குப் போயிருக்கும்?

லூக்கா 10-ஆம் அதிகாரத்தைச் சபையில் 'அறுப்பு மிகுதி' என்ற இடத்தோடு நிறுத்திவிடுகிறோம். கொஞ்சம் கீழே படியுங்கள். பணப்பை வேண்டாம், சாமான்பை வேண்டாம், பாதரட்சை வேண்டாம் என்று இயேசு எழுபது பேரை அனுப்புகிறார். கையில் ஒன்றுமில்லாமல் போனால் என்ன ஆகும்? அடுத்தவர் வீட்டுச் சோற்றை நம்பித்தான் இருக்க வேண்டும். முன்னால் வைப்பதைச் சாப்பிடுங்கள் என்பது அங்கே கட்டளையாகவே இருக்கிறது. வீட்டுக்கு வீடு தாவாதீர்கள் என்பதும். நாமோ தலைக்கு 30 கிலோ எடையோடு போகிறோம், கொடுப்பதற்கு.

வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான நம் அசரியா 1910-இல் எடின்பர்க் மிஷனெரி மாநாட்டில் நின்று, உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அதை ஒவ்வொரு மிஷன் ஞாயிறும் பெருமையாகச் சொல்கிறோம், வெள்ளைக்காரர்களைக் குத்திக்காட்ட வசதியாக. அதே மாநாட்டில் செங் ஜிங்யி என்ற இளம் சீனர் ஏழு நிமிடம் பேசினார். உங்கள் சபைப் பிரிவினைகள் எங்களுக்கு வேண்டாம், சீனாவில் ஒரே திருச்சபை இருக்கட்டும் என்றார். இருவரும் ஒரே பக்கம் நின்றவர்கள். நூறு ஆண்டுகளில் நாம் எப்போது மேடையின் மறுபக்கம் போய் உட்கார்ந்தோம்?

குழுவை எதிர்த்து எழுதுகிறேன் என்று வருத்தப்பட வேண்டாம். இதற்கு நம் குடும்பத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. ஷியாமெனில் அமெரிக்க, ஆங்கிலேய மிஷனெரிகள் இரு தரப்புச் சீன விசுவாசிகளையும் ஒரே சபையாக வளரவிட்டார்கள். 1863-இல் அமெரிக்கத் தாய்ச் சபை பிரித்துவிடச் சொன்னது. பிரிப்பதானால் நாங்கள் பதவி விலகுகிறோம் என்று மிஷனெரிகள் எழுதிவிட்டார்கள். அடுத்த ஆண்டே தாய்ச் சபை இறங்கிவந்தது. பதவி விலக எனக்குப் பதவி ஒன்றும் இல்லை, ஓய்வூதியம்தான் இருக்கிறது.

கேட்பது இவ்வளவே. துண்டறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். கைப்பேசிக் குழுக்களிலிருந்தும் படத்தை நீக்கச் சொல்லுங்கள். ஏழாம் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். போகிறவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி தருகிறீர்களே, அதில் ஒரு நாளையாவது சாப்பிடவும், குச்சி பிடிக்கவும், நன்றி சொல்லவும், வாயை மூடிக்கொண்டிருக்கவும் ஒதுக்குங்கள். விருந்தாளியாக இருப்பது நாம் நினைப்பதுபோல் எளிதல்ல. எனக்கு அது இரண்டு வாரத்தில் அரைகுறையாகத்தான் வந்தது.

இன்னொரு செய்தி. 2020 ஜூனில் கல்வான் மோதலுக்குப் பிறகு வீசாட் செயலி இங்கே தடைசெய்யப்பட்டபோது எங்கள் பேச்சு அறுந்துவிட்டது. மூன்று ஆண்டுகளாக அதில் ஆமா அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாம் போயின. 'சாப்பிட்டாயா' என்பதைத் தவிர அவற்றில் வேறெதுவும் இருந்ததில்லை. அதற்குப் பிறகு சிங்கப்பூர் அக்காதான் நடுவில் தபால்காரராக இருந்தார். ஆமா இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார். அவரைப் புதைத்த நாளில் ஆகொங் முதன்முறையாகத் தேவாலயத்துக்குள் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாராம். அதற்கு மேல் எதையும் அதில் ஏற்றிச் சொல்லாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

2025 ஜூலையில் சீனர்களுக்குச் சுற்றுலா விசா மீண்டும் தரத் தொடங்கிவிட்டார்கள். மருமகளும், அப்போது ஒன்பது வயதாக இருந்த பேத்தியும் தை மாதம் நம் ஊருக்கு வருகிறார்கள். சிங்கப்பூர் அக்காவும் உடன் வருகிறார். என் வீட்டில்தான் தங்கப் போகிறார்கள். வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது இங்கேயும் சட்டம். விசாரித்துவிட்டேன். தங்கவைப்பவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன்.

சென்னையிலிருந்து ரயிலில் காட்பாடி வந்து இறங்குவார்கள். எந்த ரயில் என்று தெரிந்ததும் சொல்கிறேன். குழுவிலிருந்து யார் யார் ஸ்டேஷனுக்கு வருகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெந்நீர் பிளாஸ்க் ஒன்று வேண்டும், பெரியதாக, என்னுடையது ஒழுகுகிறது. பூவை நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

கர்த்தருக்குள்,
2017 குழுவின் ஆங்கில ஆசிரியை